வால்நுனி ரகசியம் – 6: கைப்பிடி மறைத்த மேல்தளம்

2002, லண்டன். கேரி பார்க்கின்சன், மைக்கேல் லீ, ஸ்டீஃபன் நைடில் மூவரின் கையில் ஒரு படிகம். அதற்குள் மனித டெலோமியரின் 22 எழுத்து நீள இழை. எக்ஸ்-கதிர் பாய்ச்சியதும் தெரிந்த வடிவம், அதுவரை அறிந்த வடிவத்தோடு ஒத்துப்போகவில்லை என்ற இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

இடையில் வந்து சேர்ந்த வாசகர்களுக்காக முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். குரோமோசோமின் நுனியில் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற ஆறு எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பகுதிதான் டெலோமியர். செல் பிரியும்போதெல்லாம் அது கொஞ்சம் தேயும். புற்றுநோய்களில் பத்துக்கு எட்டு, ஒன்பது வகைகள் டெலோமெரேஸ் என்ற நொதியை வைத்து, தேய்ந்ததை மறுபடி நீட்டிக்கொள்கின்றன. அவை சாகாமல் பெருகுவதற்கு இது முக்கியமான காரணம். ஆனால் அந்த நொதி வேலை செய்ய, நுனி மடியாத நூலாக நீண்டு கிடக்க வேண்டும். மடிந்து முடிச்சாகிவிட்டால் நொதிக்குப் பிடி கிடைக்காது என்பதை 1991-இல் தாமஸ் செக்கின் குழு காட்டியது. முடிச்சை அவிழவிடாமல் பிடித்துவைக்கும் மருந்துக்கான வேட்டை அங்கிருந்துதான் சூடுபிடித்தது.

முடிச்சைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். கேரம் பலகையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்திருப்பதுபோல நான்கு குவானின்கள் (அந்த ஆறு எழுத்துகளில் வரும் ஜி) ஒரு சதுரமாக அமர்கின்றன. ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதை இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடித்துக்கொள்கிறது. ஆக மொத்தம் எட்டு. இப்படி மூன்று தட்டுகள், ஒன்றின்மேல் ஒன்று. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு பொட்டாசியம் அயனி. மேல்தட்டின் நான்கு ஆக்ஸிஜன்களும் கீழ்த்தட்டின் நான்கு ஆக்ஸிஜன்களும் அதை நெருக்கிப் பிடித்திருக்கும். பூட்டு என்றால் அதுதான் பூட்டு. நம் வீட்டு மூன்றடுக்கு டிபன் கேரியரை நினைத்துக்கொள்ளுங்கள், சரியாகப் பொருந்தும்.

தட்டுகளை இணைக்கும் டி-டி-ஏ வளைவுகள் எந்த வழியாகப் போகின்றன என்பதில்தான் சிக்கலே. 1993-இல் யோங் வாங், தின்ஷா படேல் இருவரும் என்.எம்.ஆர். முறையில் கண்ட அமைப்பில், ஒரு வளைவு கேரியரின் கைப்பிடிபோல மேல்தட்டின் குறுக்கே மூலைக்கு மூலை போயிற்று. மற்ற இரண்டும் அடித்தட்டின் ஓரங்களை மறைத்தன. ஆனால் அவர்கள் பயன்படுத்தியது சோடியக் கரைசல். நம் செல்லுக்குள் இருப்பதோ சோடியத்தைவிடப் பத்து மடங்கு பொட்டாசியம்!

லண்டன் படிகம் பொட்டாசியத்தில் வளர்ந்தது. அதில் கைப்பிடி இல்லை. மூன்று வளைவுகளும் மின்விசிறியின் இறக்கைகள்போலப் பக்கவாட்டில் விரிந்து நின்றன. மேல்தளமும் அடித்தளமும் வெட்டவெளியாகத் திறந்து கிடந்தன. மருந்து உட்கார ஆசனம் தயாராக இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

உட்காரப்போகும் மருந்து எது? 1997-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் ஹர்லியும் நைடிலும் சேர்ந்து முதன்முதலில் முன்வைத்தது, மூன்று வளையங்கள் கொண்ட தட்டையான ஆந்த்ராகுவினோன். அது நொதியைத் தடுத்தது, உண்மைதான். ஆனால் இந்த மாதிரித் தட்டையான மூலக்கூறுகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: சாதாரண டி.என்.ஏ. இரட்டைச் சுருளின் படிகளுக்கு இடையிலும் நுழைந்துவிடும். நல்ல செல்லுக்கும் அது விஷம். இந்த ஆபத்தைக் குறைக்காமல் நோயாளியின் பக்கம் போகவே கூடாது.

நைடிலின் குழு 2001-இல் பிராகோ-19 என்ற மூலக்கூறை வெளியிட்டது. நடுவில் தட்டையான அக்ரிடின். அதிலிருந்து மூன்று கைகள். உடல் தட்டின்மேல் படுத்துக்கொள்ளும். கைகள் முடிச்சின் பள்ளங்களுக்குள் இறங்கிப் பிடிக்கும். இரட்டைச் சுருளில் மூன்று கைகளுக்கும் அப்படி வசதியான இடம் இல்லை. அக்ரிடினின் நைட்ரஜன் ஏற்கும் நேர்மின்னேற்றம், தட்டுகளின் நடுவே வரிசையாக நிற்கும் பொட்டாசியத்துக்கு மேலே இன்னொரு பொட்டாசியம்போலத் தலைகாட்டும். இவ்வளவு கச்சிதமாக யோசித்துக் கட்டிய மூலக்கூறுகள் மருந்துலகில் அதிகம் கிடையாது என்பது என் எண்ணம். மருந்து ஏன் தட்டுகளுக்கு இடையில் நுழையாமல் மேலே அமர்கிறது என்று கேட்பீர்கள். இடையில் நுழைய வேண்டுமானால் பொட்டாசியப் பூட்டை உடைக்க வேண்டும். அதற்கு ஆற்றல் அதிகம் தேவை.

அதே 2001-இல் ஜப்பானிலிருந்து ஒரு செய்தி. கசுவோ ஷின்-யாவின் குழு ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவிலிருந்து டெலோமெஸ்டாட்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. எட்டுச் சிறு வளையங்கள் கைகோத்த ஒரு பெருவளையம். அகலம் ஏறக்குறைய ஒரு குவானின் தட்டு அளவு. மனிதர்கள் கணினியில் வரைந்து தேடிய வடிவத்தை ஒரு நுண்ணுயிர் ஏற்கெனவே செய்து வைத்திருந்தது!

மருந்து கொடுத்தால் டெலோமியர் மெல்லத் தேய்ந்து, பல வாரங்கள் கழித்துத்தான் செல் சாகும் என்பது அப்போதைய கணக்கு. சோதனையில் சில செல்கள் அதற்கு வெகு முன்பே தடுமாறின. காரணம் வேறு: நுனியை மூடிக் காக்கும் பாட்-1 என்ற புரதத்தையும் மருந்து விலக்கிவிட்டது. காவல் போன நுனியை, அறுந்த டி.என்.ஏ. என்று செல் எடுத்துக்கொண்டது.

2006-இல் மறுபடியும் ஒரு குழப்பம். பொட்டாசியக் கரைசலில், படிகமாக்காமல் பார்த்தபோது மூன்றாவது வடிவம் தெரிந்தது: ஒரு வளைவு பக்கவாட்டில், மற்ற இரண்டு வளைவுகள் தட்டுகளின் ஓரமாக. படிகம் பொய் சொல்லவில்லை. சூழலுக்குத் தக்கபடி இழை மடிகிறது. மருந்து வந்து அமர்ந்தால் அதற்கேற்பவும் மாறக்கூடும். குறி நகர்ந்துகொண்டே இருந்தால் அம்பை எப்படிச் செதுக்குவது? இந்தக் கூட்டத்திலிருந்து எந்த மருந்தும் இன்றுவரை மருந்துக்கடைக்கு வரவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

இத்தனைக்கும் அடியில் ஒரு கேள்வி கிடந்தது. இந்த முடிச்சு கண்ணாடிக் குழாயில் விழுகிறது, சரி. மனித செல்லுக்குள் விழுகிறதா?

அதற்குக் கேம்பிரிட்ஜில் ஒரு குழு தூண்டில் செய்தது: இந்த முடிச்சை மட்டும் கவ்வும் பி.ஜி.-4 என்ற ஆன்டிபாடி. 2013-இல் மனித செல்லின் உட்கருவில் புள்ளி புள்ளியாக ஒளி தெரிந்தது. குழுவின் தலைவர் ஷங்கர் பாலசுப்பிரமணியன். 1966-இல் மெட்ராஸில் பிறந்தவர்.

புள்ளிகளை அவர்கள் குரோமோசோம்களின்மேல் வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை டெலோமியரில் இல்லை.

(தொடரும்)