வெள்ளித் தகட்டின் கரடும் இராமன் கண்ட ஒளியும்



திருச்சிராப்பள்ளியில் பிறந்த சேர் சி. வி. இராமன், 1928 பெப்ரவரி 28 ஆம் திகதி கல்கத்தாவில் ஒரு புதிய ஒளிச்சிதறலைக் கண்டறிந்தார். 1930 இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். இது நம் பிள்ளைகளும் அறிந்த செய்தி. ஆனால் அந்த ஒளிக்கு இருந்த பெருங்குறையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

சிதறும் ஒளியில் ஏறத்தாழக் கோடியில் ஒரு பங்குதான் நிறம் மாறி வருகிறது. அந்த நிறமாற்றமே மூலக்கூறின் கைரேகை. பொருள் மிகச் சிறிதளவாக இருந்தால் கைரேகை தெரியாமலே போய்விடும்.

1974 இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் பிளைஷ்மன், ஹென்ட்ரா, மக்குவிலன் என்ற மூவர் ஒரு வெள்ளி மின்வாயை மின்சாரத்தால் திரும்பத் திரும்ப அரித்தும் படியவைத்தும் கரடாக்கினார்கள். பரப்பு கூடினால் அதில் ஒட்டும் பிரிடின் மூலக்கூறுகளும் கூடும் என்பது அவர்கள் எண்ணம். பலமான சமிக்ஞை கிடைத்தது. பரப்பு கூடியதே காரணம் என்று முடிவு செய்தார்கள்.

1977 இல் இரு குழுவினர் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். அமெரிக்காவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜீன்மேரும் வான் டைனும், இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் அல்பிரெக்டும் கிரைட்டனும். ஒவ்வொரு மூலக்கூறின் ஒளியும் இலட்சம் மடங்குக்கு மேல் பெருகியிருந்தது. பரப்பு எவ்வளவு கூடினாலும் இது சாத்தியமில்லை. மறு ஆண்டு மொஸ்கோவிற்ஸ் ஒரு விளக்கம் தந்தார்: வெள்ளியின் நுண்மேடுகளில் உள்ள இலத்திரன்கள் ஒளியோடு சேர்ந்து ஊசலாடி, தம் அருகே ஒளியின் புலத்தைப் பலமடங்கு பெருக்குகின்றன.

இன்னொரு சிக்கல் இருந்தது. அரித்து உண்டாக்கிய மேடுகள் தகட்டுக்குத் தகடு வேறுபட்டன. இன்று கிடைத்த அளவு நாளை கிடைக்காவிட்டால் அதை யார் நம்புவார்கள்? 1980களின் தொடக்கத்தில் சிலர் தொட்ட ஒரு வழியை வான் டைன் குழு வளர்த்து 1995 இல் வெளியிட்டது. நுண்ணிய பொலிஸ்டைரீன் உருண்டைகளைத் தட்டில் தோடம்பழம் பரப்பியதுபோல் நெருக்கமாகப் பரப்பி, மேலிருந்து உலோக ஆவியைப் படியவிடுவார்கள். உருண்டைகளை அகற்றினால், இடைவெளிகள் இருந்த இடங்களில் ஒழுங்கான முக்கோணங்கள் மிஞ்சும். உருண்டையின் பருமனை மாற்றினால் முக்கோணத்தின் அளவும் மாறும். அது எந்த நிற ஒளிக்கு இசையும் என்பதும் மாறும்.

1997 இல் தனியொரு மூலக்கூறின் கைரேகையையே இந்த முறையில் பிடித்தார்கள். ரெனுவார் 1883 இல் வரைந்த ஓர் ஓவியத்தில் மங்கிப்போன சிவப்பு, கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த சாயம் என்று காட்டியதும் இதுவே. சட்டத்தின் கீழ் வெளிச்சம் படாத ஓரத்தில் அந்தச் சிவப்பு அப்படியே இருந்தது. 2014 இல் சிக்காகோ கலைக்கூடம் அதைக் கண்காட்சியாக வைத்தது.

1974 இல் கண்டது சரி, சொன்ன காரணம்தான் பிழை. கணக்கைத் திரும்பப் போட்டவர்களால் ஒரு துறையே பிறந்தது. உங்கள் பிள்ளை சரியான விடையோடு வரும்போது, "எப்படி வந்தது?" என்றும் ஒரு முறை கேளுங்கள்.