அறைப் பங்கு

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் தூண்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, ஒரு தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் கொண்டுபோய் விடுகிற நீளம் எல்லாம் உண்மைதான். எனக்கென்னவோ வளவைச் சுற்றியிருக்கும் சின்னஞ்சிறு அறைகளின் மீதுதான் கண் போகிறது.

அவ்வளவு பெரிய மாளிகையில், கல்யாணமான மகனுக்கு அப்படி ஓர் அறைதான் பங்கு. சீர் சாமான்களை வைத்துப் பூட்டிக்கொள்ளலாம். சில காலத்தில் தம்பதியை ‘வேறு வைத்து’ விடுவார்கள். அடுப்பும் கணக்கும் தனி. கூரையும் சாமியும் பொது. நகரத்தார் வழக்கில் கல்யாணமானவன் ஒரு ‘புள்ளி’. கோயில் வரியும் புள்ளிக் கணக்கில்தான். அந்த அறை, அவன் புள்ளி என்பதற்குச் சுண்ணாம்பிலும் மரத்திலும் எழுதிய அத்தாட்சி.

குடியிருக்க அவனுக்கு ஏது நேரம்? மூன்று வருஷத் தவணையில் ரங்கூனுக்கோ மோல்மேனுக்கோ கப்பலேறுவான், கணக்கு முடித்து வருவான், மறுபடியும் கப்பல். வீட்டை வீடாக வைத்திருந்தவர்கள் ஆச்சிமார்கள். சரித்திரம் எழுதுகிறவர்கள் அவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

1930-களின் விலை வீழ்ச்சியில் கடனை அடைக்க முடியாத பர்மியக் குடியானவர்களின் நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. அந்தப் பத்தாண்டின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வயல் அவர்களுடையது. நிலத்தை இழந்தவனுக்கும் ஒரு குடிசை இருந்திருக்கும். தூண்களை வியக்கும்போது அதையும் நினைக்கத்தான் வேண்டும். 1942-இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். 1948-இல் சுதந்திர பர்மா நிலங்களைத் தேசவுடைமையாக்கச் சட்டம் செய்தது. வரவு நின்றது, வீடு நின்றுகொண்டிருந்தது.

இன்று ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பத்து, இருபது, ஐம்பது. விற்பதென்றால் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். ஒத்துப்போன இடங்களில் தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்துவிட்டன. ஒத்துப்போகாத வீடுகள் பிழைத்தன. சண்டையால் விளைந்த நன்மை! கல்யாணத்துக்கும், அறுபதாம் ஆண்டுச் சாந்திக்கும், படைப்புக்கும் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து திறக்கிறார்கள்.

ஒரு வீட்டைக் காவற்காரர் எனக்குச் சுற்றிக் காட்டினார். ஓர் அறையில் மட்டும் பூட்டு. மேலே ஓடு ஒழுகி, கதவு நிலையில் ஈரம் இறங்கியிருந்தது. பங்காளி இருபது வருஷமாக வரவில்லையாம். சாவி கேட்டு எழுதக்கூடாதா என்றேன். எழுதினார்களாம். சாவி வரவில்லை, பூட்டுக்கு எண்ணெய் போட்டு வைக்கச் சொல்லிப் பணம் வந்ததாம்.