ஆரோனுக்குக் கிடைத்த குருப்பட்டம்

லூதரன் சபையில் தமிழர் ஒருவர் முதன்முதலாகக் குருப்பட்டம் பெற்றது 1733 டிசம்பர் 28ஆம் நாள், டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில். கடலூர் வேளாளக் குடும்பத்து ஆறுமுகம் அவர். 1718இல் சீகன்பால்குவிடம் திருமுழுக்குப் பெற்று ஆரோன் ஆனார். ஆசிரியராகவும் உபதேசியாராகவும் உழைத்த பின்னரே குருவானார்.

சபை வரலாறுகள் அவரைப் பெருமையோடு பேசுகின்றன; தகும். ஆயினும் என் மனம் இராசநாயக்கனிடமே தரித்து நிற்கின்றது.

இராசநாயக்கன் தஞ்சைப் படையில் பணியாற்றியவர். கத்தோலிக்கராகப் பிறந்த அவர், தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதநூலைப் படித்து லூதரன் மிஷனரிமாரைத் தேடி வந்தார். எதிர்ப்புகளைத் தாங்கித் தஞ்சை நாட்டில் ஊர் ஊராகச் சபைகளை வளர்த்தார். 1741இல் அடுத்த தமிழ்க் குருவைத் தெரிவுசெய்தபோது அவர் பெயரும் ஆராயப்பட்டது. ஆனால் அவர் பறையர். அவர் கையால் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்று மிஷனரிமார் அஞ்சினர்.

1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசல் மறிக்கப்பட்டதை அறிந்த எம்மவர்க்கு இது புதிதன்று. ஒரே கிண்ணத்தில் பருகுவதையே சடங்காகக் கொண்ட சபையிலும் அதே வாசல் இருந்தது என்பதே என்னை உறுத்துகின்றது.

பட்டம் தியோகுவுக்குக் கிடைத்தது. இராசநாயக்கன் 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே ஊழியம் செய்தார்.