தகப்பன் பெயர்



ஜூன் மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வந்தால் என் கைப்பேசி நிரம்பிவிடுகிறது. தோளில் பிள்ளையைச் சுமக்கும் அப்பா, மழையில் குடை பிடிக்கும் அப்பா என்று விதவிதமான படங்கள். இந்த வருடமும் வந்தன. நானும் நான்கு பேருக்குத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் காலையில் அத்திப்பட்டு புதுநகர் ரயில் நிலையத்தில் நடந்த ஒரு சின்ன விஷயம்தான் இதை எழுத வைத்தது.

காலை நடை முடிந்ததும் நாங்கள் மூன்று கிழவர்கள் பிளாட்பாரத்து பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்காருவது வழக்கம். அன்றைக்கு ஒரு பெண் அவசரமாக வந்து, யூனிபார்ம் போட்ட ஐந்து வயதுக் குழந்தையைக் கணவனிடம் ஒப்படைத்துவிட்டு சென்னை போகும் லோக்கலில் ஏறினாள். அந்தப் பையன் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவன். கம்பெனிச் சட்டைகூட மாற்றவில்லை. பக்கத்து பெஞ்சில் குழந்தையை உட்கார வைத்து, பையிலிருந்து சீப்பும் ரிப்பனும் எடுத்து, இரட்டை ஜடை பின்ன ஆரம்பித்தான்.

என் நண்பர் சும்மா இருக்கவில்லை. “என்ன தம்பி, வீட்ல மதுரை ஆட்சியா?” என்றார். நாங்கள் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அந்தப் பையன் ஒன்றும் சொல்லாமல் ஜடையை முடித்து, தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு குழந்தையைக் கூட்டிப் போனான்.

வீட்டுக்கு வரும்போது என் சிரிப்பு எனக்கே உறுத்தியது. முதல் நாள் அனுப்பிய படத்தில் இருந்த அப்பாவுக்கும் இந்தப் பையனுக்கும் என்ன வித்தியாசம்? படத்தில் இருப்பவரைக் கும்பிடுகிறோம். எதிரில் இருப்பவனைக் கேலி செய்கிறோம்.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தவன். அதில் பல வருடம் லீவு செக்ஷன். அரசாங்கத்துப் படிவம் எதை எடுத்தாலும் “தகப்பன் பெயர்” என்று ஒரு கட்டம் இருக்கும். பள்ளிச் சான்றிதழ், சர்வீஸ் புத்தகம், பத்திரம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றிலும் அந்தப் பெயர் வேண்டும். ஆனால் அந்தத் தகப்பன் பிள்ளையை வளர்க்க என்ன செய்தான் என்று கேட்கிற கட்டம் எதிலும் கிடையாது. பெயர் வேண்டும், ஆள் வேண்டாம். இதை நான் புரிந்துகொள்ளப் பல வருடம் ஆயிற்று.

நான் புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். எங்கள் ஊரில் பிள்ளை பிறந்தால் மேரிக்குப் போய்ப் பதிய வேண்டும். பிரெஞ்சுக்காரர் நகரசபையை நாங்கள் மேரி என்போம். என் பிறப்புப் பத்திரம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. இன்ன தேதியில், இன்ன வயதுள்ள, இன்ன தொழில் செய்யும் தகப்பன் நேரில் வந்து, எனக்கு ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது என்று தெரிவித்தார் என்று எழுதி, கீழே என் அப்பாவின் கையெழுத்து. அவர் எனக்காகச் செய்ததில் காகிதத்தில் ஏறியது அந்த ஒரு நாள் நடை மட்டும்தான். நான் டைபாய்டில் கிடந்தபோது இருபது ராத்திரி விழித்திருந்தது எந்த ஏட்டிலும் இல்லை. அவர் இருந்தவரை நானும் அதைச் சொல்லி நன்றி சொன்னதில்லை. அப்பாவிடம் அப்படியெல்லாம் பேசுகிற வழக்கம் நம்மிடம் ஏது?

இப்போது 1984-க்கு வருகிறேன். பக்கத்து செக்ஷனில் ஒரு நண்பர். மனைவிக்கு முதல் பிரசவம், தஞ்சாவூர்ப் பக்கம். டாக்டர் கொஞ்சம் சிக்கல் என்று சொல்லியிருந்தார். நண்பர் 15 நாள் ஈ.எல். கேட்டு எழுதிக் கொடுத்தார். அப்போது பெண் ஊழியருக்கு 90 நாள் பிரசவ லீவு உண்டு. மனைவிக்குப் பிரசவம் என்றால் கணவனுக்கு விதியில் ஒரு வரிகூடக் கிடையாது. இருப்பில் உள்ள ஈ.எல். தரலாம், தராமலும் இருக்கலாம். 1972-ம் வருடத்து மத்திய அரசு விடுப்பு விதிகளில் ஏழாவது விதி, லீவு என்பது உரிமையாகக் கேட்கக்கூடியது அல்ல என்கிறது. அந்த விதியைக் காட்டி, வேலை அதிகமாக உள்ள சமயம், சிபாரிசு செய்வதற்கில்லை என்று நோட் எழுதியவன் நான்தான். அதிகாரி அதில் கையெழுத்துப் போட்டார்.

நண்பருக்குக் கிடைத்தது மூன்று நாள் சி.எல். நான்காம் நாள் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். குழந்தை எடை குறைவு, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். தினமும் மத்தியானம் தபால் வருகிற நேரத்துக்கு வாசலில் போய் நிற்பார். குழந்தை பிழைத்தது. ஆனால் அதற்குப் பிறகு என்னோடு டீ குடிக்க வருவதை அவர் நிறுத்திக்கொண்டார்.

நான் தவறு செய்ததாக அன்றைக்கு நினைக்கவில்லை. எனக்கே மூத்தவள் பிறந்தது மாமியார் வீட்டில், காரைக்காலில். பன்னிரண்டாம் நாள்தான் போய்ப் பார்த்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பிரசவம் பெண்கள் விவகாரம், ஆணுக்கு அங்கே என்ன வேலை என்பது ஊர் நியாயம். நான் எழுதிய நோட்டும் அந்த நியாயத்தின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்புதான்.

பிறகு 1997 அக்டோபர் 7-ம் தேதியிட்ட உத்தரவு வந்தது. ஐந்தாவது சம்பளக் கமிஷனின் சிபாரிசின் மேல் வந்தது அது. பெண்களின் பிரசவ லீவு 90 நாளிலிருந்து 135 நாள் ஆனது. அதே உத்தரவில், இரண்டுக்குக் குறைவான குழந்தைகள் உள்ள ஆண் ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு. முழுச் சம்பளம், லீவுக் கணக்கில் கழிக்கக் கூடாது. பிரசவத்துக்கு 15 நாள் முன்பிருந்து, குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்று பிறகு விளக்கமும் வந்தது. விடுப்பு விதிகளில் 43-ஏ என்று அதற்கு ஓர் இடம் கிடைத்தது. அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது: தகப்பன் என்று ஒருவன் வீட்டில் தேவைப்படுகிறான் என்பதை அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டதே இப்போதுதான்.

அந்த சர்க்குலரைச் சுற்றுக்கு விட்டபோது ஆபீசில் ஒரே சிரிப்பு. “பிள்ளை பெறப்போவது நீயா?” என்று ஒருவரை ஒருவர் கேலி செய்தார்கள். நான் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அந்த நண்பரிடம் போனேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை, காகிதத்தைத்தான் நீட்டினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். “நல்லது சார். நம்ம பையனுக்கு இப்ப பதிமூணு வயசு” என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டுப் பைலில் குனிந்துகொண்டார். அவ்வளவுதான்.

உலகம் முழுக்கவே இது தாமதமாக வந்த புத்திதான். பிரெஞ்சு படித்தவன் என்பதால் அந்த நாட்டுச் சங்கதியைத் தேடிப் படித்தேன். அங்கே 1946 மே மாதத்துச் சட்டம் பிள்ளை பிறந்த வீட்டுத் தலைவனுக்கு மூன்று நாள் லீவு கொடுத்தது. நான் பிறப்பதற்கு முன்பே! ஆனால் அந்த மூன்று நாளுக்கு மேல் போக அரை நூற்றாண்டு பிடித்தது. 2002-ல் 11 நாள் தனியாகச் சேர்த்தார்கள். 2021 ஜூலையிலிருந்து எல்லாம் சேர்த்து 28 நாள், அதில் 7 நாள் கட்டாயம். அதாவது, எடுக்காதே என்று முதலாளியும் சொல்ல முடியாது, எனக்கு வேண்டாம் என்று தகப்பனும் சொல்ல முடியாது. சுவீடன் 1974-லேயே குழந்தை வளர்ப்பு விடுப்பைத் தாயும் தந்தையும் பகிர்ந்துகொள்ளலாம் என்று ஆக்கிவிட்டது.

நாம் படம் அனுப்பிக் கொண்டாடும் தந்தையர் தினத்தின் கதையும் இதுவே. அமெரிக்காவில் ஸ்போகேன் என்ற ஊரில் சொனோரா டாட் என்ற பெண்மணி 1910 ஜூன் 19-ம் தேதி அதைத் தொடங்கினார். அவருடைய தகப்பனார் வில்லியம் ஸ்மார்ட் ஒரு பழைய சிப்பாய். பிரசவத்தில் மனைவி இறந்தபின் ஆறு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். பெயர் கொடுத்ததற்காக அல்ல, வளர்த்ததற்காகப் பிறந்த நாள் அது. அன்னையர் தினத்தை அங்கே 1914-ல் அறிவித்துவிட்டார்கள். தந்தையர் தினம் சட்டமாக 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் ஊரில் அப்படிப்பட்ட தகப்பன்கள் இல்லையா? இருந்தார்கள். 1886-ம் வருடம் இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. ஒருவர் புதுக்கோட்டை முத்துலட்சுமி. தகப்பனார் நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரி முதல்வர். பெண் வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்துகிற காலத்தில், வீட்டிலேயே பாடம் சொல்லி வைத்து, பிறகு ஆண்கள் படிக்கும் கல்லூரியில் மகளைச் சேர்க்க எதிர்ப்பை எல்லாம் தாங்கியவர். அந்த மகள் 1912-ல் சென்னையில் டாக்டரானார். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவர் அவர்தான்.

இன்னொருவர் மயிலாப்பூர் சுப்புலட்சுமி. பதினொரு வயதில் கல்யாணம், சீக்கிரமே விதவை. மூலையில் உட்கார வைக்க வேண்டும் என்று ஊர் சொன்னது. தகப்பனார் சுப்பிரமணிய ஐயர் மகளுக்குத் தாமே படிப்புச் சொல்லிக் கொடுத்தார், பிறகு பள்ளிக்கு அனுப்பினார். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்த அந்தப் பெண், சகோதரி சுப்புலட்சுமியாகி எத்தனையோ இளம் விதவைகளைப் படிக்க வைத்தார்.

மகள்களை நாம் அறிவோம். தகப்பன்கள் அவர்கள் வாழ்க்கை வரலாற்றில் முதல் பக்கத்தில் ஒரு பெயராக வந்து போய்விடுகிறார்கள். ஒன்று சொல்ல வேண்டும். இவர்களைப் போற்றுவதால் தாய்மார் செய்வது குறைந்துவிடாது. அம்மா ஜடை பின்னினால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, அப்பா பின்னினால் மட்டும் அதிசயமா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. அதிசயமாகப் பார்க்க வேண்டாம் என்பதுதான் என் கட்சியும். கேலியும் வேண்டாம், மாலையும் வேண்டாம். அவன் அங்கே இருப்பதற்கு இடமும் நேரமும் கொடுத்தால் போதும், அதுதான் மரியாதை.

அந்த நேரம் இன்னும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. மத்திய அரசில் 2009-ல் தத்தெடுக்கும் தகப்பனுக்கும் 15 நாள் வந்தது. 2018 டிசம்பரில், மனைவி இல்லாமல் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆணுக்கும் குழந்தை பராமரிப்பு விடுப்பு வந்தது. ஆனால் கம்பெனிகளில்? 1961-ம் வருடத்து மகப்பேறு சட்டத்தைத் திருத்தி 2017-ல் பெண்களுக்கு 26 வாரம் ஆக்கினார்கள், தகப்பனுக்கு அதில் ஒரு நாள் இல்லை. அதே வருடம் தகப்பனுக்கென்று நாடாளுமன்றத்தில் ஒரு தனிநபர் மசோதா வந்தது, சட்டமாகவில்லை. 2023-ல் தென்காசி மாவட்டக் காவல் ஆய்வாளர் ஒருவர், மனைவியின் பிரசவத்துக்குக் கேட்ட லீவுக்காக உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை போக வேண்டியிருந்தது. பிரசவ சமயத்தில் மனைவியோடு இருந்தவரை, வேலையை விட்டு ஓடியவர் என்று பிறப்பித்த உத்தரவை நீதிமன்றம் ரத்து செய்தது. தந்தைமை விடுப்புக்கு இந்தியாவில் தனிச் சட்டம் வேண்டும் என்றும் சொன்னது. அதைப் படித்தபோது எனக்கு 1984-ம் வருடத்து நோட்தான் ஞாபகம் வந்தது.

இங்கே அத்திப்பட்டைச் சுற்றிப் பாருங்கள். அனல்மின் நிலையம், துறைமுகம், கும்மிடிப்பூண்டி வரைக்கும் தொழிற்சாலைகள். ஷிஃப்டுக்குப் போய் வருகிற இளைஞர்கள் எத்தனை ஆயிரம். பலர் கான்ட்ராக்ட். சொந்த ஊரில் பாட்டி, அத்தை என்று நாலு பேர் இருந்த வீடு இங்கே கிடையாது. கணவனும் மனைவியும்தான். ஒருவர் வேலைக்குப் போனால் மற்றவர் பிள்ளையைப் பார்த்தாக வேண்டும். நம் காலத்துக் கேலி இவர்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

அடுத்த வாரம் அதே பெஞ்சு. அந்தப் பையன் வந்தான். நான் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன். ரிப்பனைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டேன். “பாப்பா பொறந்தப்ப லீவு குடுத்தாங்களா தம்பி?” என்று கேட்டேன்.

“கான்ட்ராக்ட் சார். வரலைன்னா சம்பளம் இல்ல. நாலு நாள் போடாம இருந்தேன், அவ்ளோதான்.”

“ஜடை நல்லா நேரா வந்திருக்கு.”

அவன் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தான். “இவதான் சார் சொல்லணும். தெனம் ஒரு குறை சொல்லுவா.”

குழந்தை இரண்டு ஜடையையும் தொட்டுப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு பரவால்ல தாத்தா” என்றது என்னிடம். கேலி செய்த நண்பர் பேசாமல் தண்ணீர் பாட்டிலை எடுத்து அந்தப் பையனிடம் நீட்டினார்.