திருமணத்திற்குப் பிந்தைய கதை: ‘ஷ்ரெக் 2’ படத்தில் மாமனாரின் இடம்

முன்னுரை

தேவதைக் கதைக்கு இரண்டாம் பாகம் எடுப்பது அக்கதையின் இலக்கணத்தோடு மோதும் செயல். ரஷ்ய நாட்டார் வழக்காற்று அறிஞர் விளாதிமிர் பிராப், 1928இல் வெளிவந்த தமது ஆய்வில், மாயக் கதைகளின் நிகழ்வுகளை 31 செயல்களாகப் பகுத்தார். கடைசிச் செயல், நாயகன் மணம் முடித்து அரியணை ஏறுவது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்று மரபு கருதியது. 2004இல் ட்ரீம்வொர்க்ஸ் வெளியிட்ட ‘ஷ்ரெக் 2’ அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதன் விவாதத்தைத் தாங்கும் பாத்திரம் நாயகன் ஷ்ரெக் என்பதைவிட, அவனுடைய மாமனார் மன்னர் ஹெரால்டு என்பதே பொருந்தும். இக்கட்டுரை இதனை நிறுவ முயல்கிறது.

பின்னணி

ஷ்ரெக்கைப் பற்றி வில்லியம் ஸ்டெய்க் 1990இல் எழுதி வரைந்த படப் புத்தகம் 2001இல் திரைப்படமானது. முழுநீள அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றது அந்தப் படமே. ஆண்ட்ரூ ஆடம்சன், கெல்லி ஆஸ்பரி, கான்ராட் வெர்னான் ஆகிய மூவர் இயக்கிய இரண்டாம் பாகம் கான் விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. அவ்வாண்டு உலகிலேயே மிகுதியாக வசூலித்த படமும் ஆயிற்று. முதல் பாகத்தின் முடிவில் இளவரசி ஃபியோனா ராட்சசியாகவே நிலைத்து ராட்சசன் ஷ்ரெக்கை மணந்தாள். இரண்டாம் பாகத்தில் அத்தம்பதியர் பெண் வீட்டு விருந்துக்குப் போகிறார்கள்.

இன்பத்தை விற்கும் ஆலை

இங்கே எதிர்நிலைப் பாத்திரம் ஞானத்தாய்த் தேவதை. 1697இல் ஷார்ல் பெரோ எழுதிய சிண்டரெல்லா கதையில் அவள் கைம்மாறு கருதாத அருளாளர். இப்படத்திலோ மாயத் திரவங்களைத் தயாரிக்கும் ஆலையின் உரிமையாளர். ஷ்ரெக் தொழிற்சங்கப் பிரதிநிதி என்று சொல்லித்தான் அந்த ஆலைக்குள் நுழைய முடிகிறது. இன்பமான முடிவு அங்கே புட்டியில் அடைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஆலையில் ஷ்ரெக்கை நேரில் சந்திக்கும்போது, அவள் கதைப் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, எதிலும் ராட்சசனுக்கு நல்வாழ்வு கிட்டியதில்லை என்று வாதிடுகிறாள். பழங்கதைத் தொகுதி முழுவதும் விலக்கி வைப்பதற்கான சட்டநூலாக அவள் கையில் மாறிவிடுகிறது. படத்தின் கூர்மையான விமர்சனம் இக்காட்சியில்தான் இருக்கிறது.

தவளை மன்னர்

ஹெரால்டு மருமகனை வெறுப்பதை முதலில் சாதிப் பெருமை போன்ற ஒன்றாகவே பார்வையாளர் எடுத்துக்கொள்வர். உணவு மேசைச் சண்டையும் அதற்கு இடம் தருகிறது. இறுதியில் உண்மை வெளிப்படுகிறது: மன்னர் முன்னாள் தவளை. 1812இல் வெளிவந்த கிரிம் சகோதரர் தொகுப்பின் முதல் கதையே தவளை இளவரசனுடையது. அவன் மனித உருப் பெற்று மணம் செய்வதோடு அது முடிகிறது. இப்படம் அவனுடைய முதுமையைக் காட்டுகிறது. ஹெரால்டு பெற்ற வாழ்வு ஞானத்தாய்த் தேவதைக்குப் பட்ட கடன் என்றும், மகளை அவளுடைய மகனுக்குக் கொடுப்பதே அக்கடனின் வட்டி என்றும் படம் உணர்த்துகிறது. அவரது வெறுப்பு, தன் பழைய உருவம் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தின் வேறு பெயர்.

ஆலையின் மாயத் திரவத்தைக் குடித்து ஷ்ரெக்கும் மனித அழகைப் பெறுகிறான். நள்ளிரவுக்குள் ஃபியோனாவை முத்தமிட்டால் அது நிலைக்கும். ஃபியோனா தான் மணந்தவனே போதும் என்று மறுக்கிறாள். ஹெரால்டோ வாழ்நாள் முழுதும் மறைத்ததை ஒரு கணத்தில் இழக்கிறார்: மந்திரக்கோலின் தாக்குதலைத் தன்மேல் ஏற்று மீண்டும் தவளையாகிறார், அரசி லில்லியன் அப்போதும் அவரை ஏற்கிறாள். கிரிம் கதையில் வெகுமதியாக வந்த மனித உருவம் இங்கே கைவிடத்தக்க சுமையாகிறது. மருமகன் ஓரிரவில் தீர்க்கும் சிக்கலை மாமனார் ஒரு தலைமுறையாகச் சுமந்திருக்கிறார் என்பதால்தான் படத்துக்கு ஆழம் கிடைக்கிறது.

மறுப்புகளும் விடையும்

பெருநிறுவனத் தயாரிப்பு ஒன்று வணிகத்தைக் கேலி செய்வது முரண் என்பது ஒரு மறுப்பு. தோற்றத்தால் மதிப்பிடக் கூடாது என்னும் படம், ஆண்குரலில் பேசும், சிண்டரெல்லாவின் மாற்றாந்தாய் மகளான டோரிஸின் தோற்றத்தை வைத்தே சிரிப்பூட்டுகிறது என்பது மற்றொன்று. இரண்டாவது குறை மறுக்க முடியாதது. அது ஒரு கிளைப் பாத்திரத்தோடு நின்றுவிடுகிறது. படத்தின் முடிவைத் தீர்மானிப்பதில்லை. முதல் மறுப்பு படத்தின் பிறப்பைச் சொல்கிறது, பொருளைத் தொடவில்லை. குழந்தைகளும் பெற்றோரும் சேர்ந்து பார்க்கும் படத்தில், ஒரு தந்தை தன் அச்சத்தை மகளின் நலம் என்று பெயரிட்டதை ஒப்புக்கொள்வது எளிய செய்தி ஆகாது.

முடிவுரை

முதல் கதையின் முடிவைச் சோதித்துப் பார்க்கும்போதே தொடர்ச்சிப் படத்துக்கு இலக்கிய நியாயம் பிறக்கிறது. ‘ஷ்ரெக் 2’ அதனைச் செய்திருக்கிறது. பெரோவும் கிரிம் சகோதரரும் பயிலப்படும் வகுப்பில் இப்படமும் பாடமாக வைக்கப்பட வேண்டும்; நகைச்சுவைப் படம் என்று ஒதுக்கினால், தேவதைக் கதை மரபு தன்னைத்தானே விசாரித்த ஒரு முக்கியமான தருணத்தை நாம் படிக்காமல் விட்டவர்களாவோம்.