ஒரே கை, வேறு வேறு பலன்

 

"தீவுப் பொடியளுக்கு உடம்பு வளையாது, கொழும்பில பாருங்கோ எப்படி உழைக்கிறாங்கள்" என்ற பேச்சை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். புங்குடுதீவின் கதையே இதற்குப் பதில் சொல்லும்.

கடந்த நூற்றாண்டில் இங்கிருந்து சிறுவயதிலேயே கொழும்புக்குக் கடைச் சிப்பந்திகளாகப் போனவர்கள் ஏராளம். கணக்கும் சிங்களமும் பழகி, பிறகு சொந்தக் கடை போட்டார்கள். ஊரில் நின்ற அண்ணன் தம்பிமாரும் அதே வீட்டுப் பிள்ளைகள்தான். உழைப்பு ஒன்று, பலன் மட்டும் ஏன் வேறு?

முதலாவது தண்ணீர். எங்களுக்கு ஆறு இல்லை. மாரி மழையை நம்பி ஒரு போகம்தான். பொலன்னறுவையில் பராக்கிரம சமுத்திரத்து நீரில் பெரும்போகமும் சிறுபோகமும் செய்கிறார்கள். அங்கே ஒருவரின் கைக்கு வருடம் முழுக்க வேலை, இங்கே பாதி வருடம் கை சும்மா.

இரண்டாவது சந்தை. பிடித்த மீனை ஐஸ் போட்டு வைக்க வழியில்லாவிட்டால், வியாபாரி சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டும். நெடுந்தீவு மீன் முதலில் குறிகட்டுவானுக்குக் கடல் தாண்ட வேண்டும். கொழும்புக் கடைக்காரருக்கோ துறைமுகமும் வங்கியும் வாடிக்கையாளரும் பக்கத்திலேயே. நாட்டின் சனத்தொகையில் கால் பங்குக்குச் சற்றுக் கூடியவர்கள் வாழும் மேல் மாகாணம், மொத்த உற்பத்தியில் 40 வீதத்துக்கு மேல் தருவது இதனால்தான்.

மூன்றாவது அமைதி. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களின் கடைகள் எரிந்தபோது, பல வருட உழைப்பு ஓரிரு நாளில் போனது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் எங்கள் சமூகத்தை வடக்கிலிருந்து வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் தையல் கடையும் இரும்புக் கடையும் வைத்திருந்தவர்கள் புத்தளத்தில் அகதிகளானார்கள், பலர் கூலிக்குப் போனார்கள். கைத்திறன் கூடவே போனது. தையல் மெசினும் முதலும் வாடிக்கையாளரும் போகவில்லை. 1991இல் இந்தத் தீவே வெறுமையானது. அதன்பின் திரும்பியவர்கள் கொஞ்சப்பேர்தான்.

திறமையும் முயற்சியும் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அவை விளைய நிலம் வேண்டும். அடுத்த முறை பொடியளைக் குறை சொல்ல வாயெடுக்க முன், அவர்களுக்கு ஐஸ் இருக்கிறதா, நேரத்துக்குப் படகு இருக்கிறதா, கடன் கொடுக்க ஆள் இருக்கிறதா என்று கேட்போம். வெளிநாட்டிலுள்ள உறவுகள் ஊருக்குச் செய்ய நினைக்கும்போதும் இதையே முதலில் கேட்கட்டும்.