எப்படி வெட்டட்டும்?

"எப்படி வெட்டட்டும்?" என்று எங்கள் தாத்தா யாரிடமும் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கு அன்றைக்கு வேலையே கிடையாது. எங்கள் ஊர் ஓடைப்பட்டியில் எந்த வீட்டுத் தலைக்கு என்ன செய்யவேண்டும் என்பது அவருக்கு அத்துபடி. பெரியவர் என்றால் முன்தலையை மழித்துப் பின்னால் குடுமி. பிள்ளை என்றால் குலசாமி கோயிலில் மொட்டை எடுக்கும்வரை கத்தி படாது. துக்க வீடு என்றால் மீசையும் சேர்ந்து போகும். வயதும் சாதியும் வீட்டில் நடந்த நல்லது கெட்டதும் முடிவு செய்ததைத் தாத்தாவின் கத்தி செய்து முடித்தது. தலைக்குச் சொந்தக்காரருக்கே அதில் பெரிதாகப் பேச்சு இல்லை.

அவருடைய அடப்பம் இன்னும் என்னிடம் இருக்கிறது. சவரக்கத்தி, அதைத் தீட்டும் தோல்வார், சாணைக்கல், நகவெட்டி, காதுக்குக் குறும்பிவாங்கி, தண்ணீர்க் கிண்ணி, உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியை வேலை முடிந்த பிறகுதான் எடுத்து நீட்டுவாராம். எல்லாம் முடிந்த பிறகு பார்க்கிறவர் என்ன சொல்லிவிட முடியும்? "சரி" என்பார், இல்லாவிட்டால் வைவார்.

கூலி களத்தில் அளக்கும் தானியம். கல்யாணம், சடங்கு, சாவு எதுவும் தாத்தா இல்லாமல் நடக்காது. பாட்டி பிரசவம் பார்த்தார். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909-இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதி நூலிலும் இது பதிவாகியிருக்கிறது: எங்கள் சாதி ஆண்கள் சவரத்தோடு கட்டி கீறி வைத்தியமும் பார்த்தார்கள், பெண்கள் மருத்துவச்சிகள். இத்தனை வேலை செய்தும், பாட்டி கையில் பிறந்த பையன் மீசை முளைக்கும் முன்பே தாத்தாவை "வாடா" என்றான். தாத்தா அவனை "சாமி" என்றார். "உங்களுக்கு எது பிடிக்கும்?" என்று கேட்க அந்த உறவில் இடமே இல்லை.

வாயைத் திறந்துவிட்டது கிராப்புதான். பட்டணத்துக்குப் படிக்கப் போனவர்களும் பட்டாளத்திலிருந்து வந்தவர்களும் குடுமியை எடுத்துவிட்டுத் திரும்பினார்கள். பிறகு சினிமா வந்தது. எம்.கே. தியாகராஜ பாகவதர் முடியை மேலே வாரிப் பிடரிவரை விட்டிருந்தார். 1944 தீபாவளிக்கு அவர் நடித்த 'ஹரிதாஸ்' வந்தபோது தமிழ்நாடு முழுக்க பாகவதர் கிராப்பு. ஒரு நடிகர் பேரைச் சொன்னால் போதும், நீளம், வகிடு, பிடரி மூன்றும் அதிலேயே அடங்கிவிடும். ஆனால் வெட்டுகிறவரும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவேண்டும். தாத்தா டாக்கீஸுக்குப் போனது தொழிலுக்காகவும்தான் என்று பாட்டி சொல்லிச் சிரிப்பார்.

எழுபதுகளில் அப்பா கடை போட்டார். மர நாற்காலி, தலை சாய்க்க ஒரு பலகை, முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி, காத்திருப்பவர்களுக்குப் பெஞ்சும் தினத்தந்தியும். வீடு தேடிப் போவதை நிறுத்திவிட்டு, முதலில் வந்தவர் முதலில் உட்காரட்டும் என்று சொன்னதற்கே ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் திராட்சைப் பந்தல்கள் பெருகப் பெருகக் கையில் காசு புழங்கியது. களத்துக் கூலி போய்த் தலைக்கு இவ்வளவு என்றானது. காசு கொடுக்கிறவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசுவார். "கொஞ்சம் கவாத்து பண்ணி விடப்பா" என்று பந்தல்காரர்கள் கிண்டலாகச் சொன்னாலும், எந்தக் கணுவுக்கு மேலே வெட்டினால் எப்படித் துளிர்க்கும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். தலையிலும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டுவார்கள். அப்பாவின் வாடிக்கையாளர்களில் தங்களுக்கு வேண்டியதைத் தெளிவாகச் சொன்னவர்கள் அவர்கள்தான்.

அந்த நாற்காலி எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. சதாராவில் சிறுவனாக இருந்தபோது எந்த நாவிதரும் தொடமாட்டார் என்பதால் அக்காதான் தனக்கு முடி வெட்டிவிட்டார் என்று அம்பேத்கர் எழுதியிருக்கிறார். 1950-இல் அரசியல் சாசனத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் அதற்குத் தண்டனைச் சட்டமும் வந்தது. அதற்குப் பிறகும் தென்மாவட்டக் கிராமங்கள் பலவற்றில் தலித்துகளுக்குச் சலூன் கதவு திறக்கவில்லை. "அவங்களுக்கு வெட்டினா நாங்க வரமாட்டோம்" என்ற மிரட்டல் ஒரு பக்கம், எங்கள் தொழில்காரர்களுக்குள்ளேயே ஊறிக்கிடந்த சாதித் திமிர் இன்னொரு பக்கம். மிரட்டலை மட்டும் சொல்லி நாங்கள் தப்பிக்க முடியாது. அந்த ஊர்களின் தலித் இளைஞர்கள் பஸ் ஏறி டவுனுக்குப் போனார்கள். ஆள் தெரியாத கடையில்தான் அவர்களிடம் "எப்படி வெட்டட்டும்?" என்று கேட்டார்கள்.

1978-இல் 'கிழக்கே போகும் ரயில்' வந்தது. எங்கள் தேனி அல்லிநகரத்துப் பாரதிராஜா எடுத்தது. அதில் கவிதை எழுதுகிற கதாநாயகன் பரஞ்சோதி நாவிதர் வீட்டுப் பையன். படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் அப்பாவைக் கொஞ்சம் வேறு மாதிரி பார்த்தார்கள். "வாடா" போய் "வாப்பா" ஆனது. எனக்கு அது "அண்ணே" ஆகியிருக்கிறது.

எல்லா வாடிக்கையாளர்களும் தயங்காமல் சொல்லக் கற்றுக்கொண்ட முதல் வாக்கியம் அழகைப் பற்றியது அல்ல. 1986-இல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகச் சென்னையில் கண்டறியப்பட்டது. தொண்ணூறுகளில் சுவரெங்கும் எய்ட்ஸ் விளம்பரம். அதுவரை ஒரே கத்தியைத் தீட்டித் தீட்டி ஊருக்கே சவரம் செய்தோம். திடீரென்று உட்காருகிறவரெல்லாம் "புது பிளேடு போடுங்க" என்றார்கள். பிளேடை இரண்டாக ஒடித்துச் செருகும் கத்தி கடைக்கு வந்தது. அப்பாவுக்கு முதலில் அவமானமாக இருந்தது. பிறகு அவரே உறையைப் பிரித்துக் காட்டிவிட்டுத்தான் கையை வைப்பார்.

இப்போது பையன்கள் செல்போனில் போட்டோ காட்டுகிறார்கள், இல்லாவிட்டால் மிஷின் சீப்பின் நம்பர் சொல்கிறார்கள். டவுன் கடைகளில் வடமாநிலத் தம்பிகள் வேலை பார்க்கிறார்கள், அங்கே போட்டோவும் நம்பரும்தான் பொதுமொழி. இரண்டிலும் சிக்கல் உண்டு. பெரிய மிஷினில் மாட்டும் சீப்பில் 1 என்றால் 3 மில்லிமீட்டர், 2 என்றால் 6. சின்ன டிரிம்மர்கள் பலவற்றில் 2 என்றால் வெறும் 2 மில்லிமீட்டர். நம்பரைக் கேட்டதும் நான் விரலிடுக்கில் நீளத்தைக் காட்டி "இவ்வளவா?" என்பேன். போட்டோவில் இருப்பவருக்கு நேர்முடி, காட்டுகிறவருக்குச் சுருட்டை, உச்சியில் இரட்டைச் சுழி. ஈரத்தில் நீளமாகத் தெரியும் சுருட்டை காய்ந்ததும் மேலே ஏறிக்கொள்ளும். சுழிப் பக்கம் ஒட்ட வெட்டினால் முடி குத்திட்டு நிற்கும்.

கத்தரி எடுக்கும் முன் சொல்லவேண்டியவை சிலதான். கடைசியாக எப்போது வெட்டினீர்கள்? முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும், அதை வைத்தே பழைய அளவைப் பிடித்துவிடுவேன். கிருதா காதின் எந்த இடத்தில் நிற்கவேண்டும்? பிடரி வட்டமா, சதுரமா? வீட்டில் எந்தப் பக்கம் சீவுவீர்கள்? "மீடியமா" என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் மீடியம் வேறு, என் மீடியம் வேறு.

நானும் சொல்வேன்: "தம்பி, உங்க சுழிக்கு இது நிக்காது." கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்கள் உண்டு. அவர்களில் சிலர் அடுத்த மாதமே திரும்பி வந்து, "உங்க இஷ்டப்படி வெட்டுங்கண்ணே" என்று கண்ணை மூடிக்கொள்வார்கள். அதற்கும் நான் ஒத்துக்கொள்வதில்லை. கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்க்கச் சொல்வேன். இத்தனை காலம் கழித்து இரண்டு பக்கத்துக்கும் வாய்த்த பேச்சு இது, ஒருவர் வாயை மூடிக்கொண்டாலும் பழையபடி ஆகிவிடும்.